சாம்பல் நிறச் சட்டையின் உரிமையாளர்

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையே ஒழுக்கத்தின் முதற்படி என்று நம்பி வாழ்ந்தவன் நான். தமிழாசிரியர் பணியில் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குக் குடிவந்தபோது, இந்நகரத்தின் காற்று அந்த நம்பிக்கையை ஒரே வாரத்தில் கூழாக்கிவிட்டது. இஃது உருவகம் அன்று. ஈரக் காற்றில் கஞ்சி உண்மையாகவே கூழாயிற்று. முதல் நாள் பேருந்தில் அமர்ந்து எழுந்தபோது, இருக்கையின் வரிகள் அத்தனையும் என் முதுகில் அச்சேறியிருந்தன.

"என்ன மாமா, முதுகு கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கு? கட்டுரை எழுதலாமா?" என்றாள் மருமகள்.

விடைக்கு உரிய வினா அன்று அது.

இந்நகரம் மனிதனை வெளியே வேகவைக்கும், உள்ளே உறையவைக்கும். தெருவில் நடந்தால் வேர்வை வழியும். குளிரூட்டிய நூலகத்துக்குள்ளோ வங்கிக்குள்ளோ நுழைந்தால் பற்கள் தாளம் போடும். இவ்விரண்டுக்கும் இடையில் முன்னறிவிப்பின்றி மழை வரும். இவ்வூர் மக்களும் ஏதோ இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டவர்களைப் போல, கருநீலம், சாம்பல், மங்கிய பச்சை ஆகிய நிறங்களிலேயே நடமாடுகின்றனர். பளிச்சென்ற வெள்ளையை நான் ஒருவன்தான் அணிகிறேன் என்று பெருமிதம் கொண்டிருந்தேன். அப்பெருமிதம் மருத்துவமனையில் முடிவுக்கு வந்தது. கண் பரிசோதனைக்காகக் காத்திருந்த என்னிடம் ஓர் அம்மையார் வேகமாக வந்து, மூடி போட்ட சிறிய புட்டி ஒன்றைக் கையில் திணித்தார்.

"அண்ணே, இத லேப்ல குடுத்துடுங்க. சூடா இருக்கும்போதே குடுக்கணுமாம்."

அது யாருடைய சிறுநீர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆயினும் ஒப்படைக்கப்பட்ட கடமையைத் தட்டிக்கழிக்கும் வழக்கம் எனக்கு இல்லாமையால், அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வீட்டில் இதைச் சொன்னபோது மருமகள் சிரித்த சிரிப்பில் அவளுக்கே விக்கல் வந்துவிட்டது.

"தப்பு உங்க மேல இல்ல மாமா. சட்டை மேலதான். இந்த ஊர்ல கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைய வார்டு ஆளுங்களும் சாப்பாடு பரிமாறுறவங்களும்தான் போடுவாங்க. அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட தோசை கேட்டாலும் கேப்பாங்க."

மருமகளின் தொழில் இவ்விடத்தில் கூறப்பட வேண்டும். அவள் வங்கியில் காசாளராக இருந்தவள். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, இந்நகரத்துக்குப் புதிதாகக் குடிவருவோர்க்கு என்ன உடுப்பது என்று சொல்லித் தருவதைத் தொழிலாகத் தொடங்கியிருந்தாள். உடைகள் மிகச் சிலவாக இருக்க வேண்டும். எதை எதனோடு அணிந்தாலும் பொருந்த வேண்டும். வெயில், குளிர், மழை மூன்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இரவு துவைத்தால் காலையில் காய்ந்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் 'காப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்றாள்.

"விழுங்குறதுக்கா?" என்றேன்.

"விழுங்குறது உங்க தகரப் பெட்டிதான் மாமா. வந்த நாள்ல இருந்து எங்க நடைவழிய முழுசா விழுங்கிட்டு உக்காந்திருக்கு."

அந்தப் பெட்டி முழுவதும் என் வெள்ளைச் சட்டைகள். பேச்சை மாற்றும் பொருட்டு, 'பல்பொருத்தச் சிற்றுடைத் தொகுதி' என்று ஒரு தமிழ்ப் பெயரை அவளுக்கு அளித்தேன். "நல்லா இருக்கு மாமா. ஆனா அத சொல்லி முடிக்கிறதுக்குள்ள மழை வந்துரும்" என்று நன்றியோடு மறுத்துவிட்டாள்.

வேடிக்கை பேசினாலும் அவள் உள்ளூரக் கலங்கியிருந்தாள் என்பது வீட்டிலுள்ள அனைவர்க்கும் தெரியும். வாடிக்கையாளர் என்று வந்தவர்கள் தோழியரும் தோழியரின் தோழியருமே. விடுப்பு அம்மாத இறுதியோடு முடிகிறது. அதற்குள் ஏதேனும் ஒரு நிறுவனம் அவளை நம்பி ஆள்களை அனுப்பாவிட்டால், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அந்த நாற்காலிக்கே திரும்ப வேண்டும். அந்த நாற்காலியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரலில் கேலி இருப்பதில்லை.

இந்நிலையில்தான், பணியாளர்களை இந்நகரத்துக்கு மாற்றி அனுப்பும் பெரிய நிறுவனம் ஒன்றின் மேலாளர் அம்மையார் அவளைத் தொலைபேசியில் அழைத்தார். வருகிறவர்கள் எல்லாரும் முதல் மாதமே சளி, வேர்க்குரு என்று படுத்துவிடுகிறார்களாம். "படமெல்லாம் காட்டாதீங்க. படத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கும். இந்த மாதிரி உடுத்தி வாழ்ற ஒரு வீட்டக் காட்டுங்க, வந்து பாக்குறேன்" என்றார் அவர். மருமகள் சற்றும் சிந்தியாமல், "எங்க வீட்டுலயே எல்லாரும் அப்படித்தான் மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

அப்போது எல்லாரும் அப்படி இல்லை. நான் இருந்தேன்.

அன்று மாலை உணவு மேசையைச் சுற்றி எனக்கு எதிராகக் குடும்பமே அணிவகுத்தது. மகன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். வாதம் செய்யாமல் தட்டைப் பார்த்துச் சிரிப்பவன். அவன் எப்போதோ சரணடைந்திருந்தான். என் இல்லாளோ சரணடையவில்லை, எதிர்ப்படையிலேயே சேர்ந்திருந்தாள். தெருத் தண்ணீரில் சேலையின் கரை நனைவதும், நகரும் படிக்கட்டின் விளிம்பு அதை இழுப்பதும் அவளுக்குச் சலித்துவிட்டனவாம். கழுத்துப்பட்டை வைத்த நீளச் சட்டையும் தொளதொளத்த கால்சட்டையுமாக, தனியாகவே பேருந்தேறிக் காலை நடைக்குழுவுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தாள்.

"ஏங்க, பஸ்ல ஏறும்போது ஒரு கை சும்மா இருக்குங்க. எதையும் தூக்கிப் புடிக்க வேண்டாம். நீங்களும் ஒருதரம் போட்டுத்தான் பாருங்களேன்."

மேலாளர் வந்து போகும்வரை மட்டுமே. அதன்பின் என் பெட்டியை யாரும் தொடக் கூடாது. இந்த நிபந்தனையோடு நான் இசைந்தேன். எனக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டையும் மங்கிய பச்சையில் ஒரு சட்டையும் கருநீலக் கால்சட்டைகளும் வந்தன. எந்த நிலைமொழியோடும் எந்த வருமொழியும் விகாரமின்றி இயல்பாகப் புணர்வதைப் போல, மேலுடையும் கீழுடையும் பொருந்தத்தான் செய்தன. அதை ஒப்புக்கொள்ளும் கடப்பாடு எனக்கு இல்லை. ஆனால் சட்டையில் பை இல்லை!

"பை எங்கம்மா?"

"பை கிடையாது மாமா. அந்த எடத்துல ரெண்டு மடிப்புத் துணி வருதில்ல, அது மட்டும் காயாது. காயலன்னா நாறும்."

"பேனாவ எங்க வைக்கிறது? காதுலயா?"

"அப்படி யாருக்கு மாமா இப்ப மார்க் போடப் போறீங்க?"

பை இல்லாச் சட்டை மை இல்லாப் பேனா. ஓய்வு பெற்றவனும் ஆசிரியனே. பேனாவைத் தேடி என் வலக்கை நெஞ்சுக்குச் செல்வதும், அங்கு ஒன்றும் இல்லாமையால் வெட்கிக் கீழே இறங்குவதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின.

இதற்கிடையில் பெட்டிச் சாவி காணாமற்போயிற்று. படுக்கையறைக் கதவின் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்கும் சாவி அது. நான் முறைப்படி விசாரணை நடத்தினேன். "சத்தியமா நான் எடுக்கல மாமா" என்றாள் மருமகள். மகன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். "ஈரக்காத்துல இரும்பு கரைஞ்சு போயிருக்கும்" என்றாள் இல்லாள், கீரையை ஆய்ந்துகொண்டே. மருமகளையே நான் உள்ளூர ஐயுற்றேன்.

மேலாளர் வருவதற்கு முந்திய நாள், எல்லாம் புத்தம் புதிதாய்த் தோன்ற வேண்டும் என்ற ஆர்வத்தில், மருமகள் வீட்டிலுள்ள உடைகளை ஏறத்தாழ முழுவதும் துவைத்துப் போட்டுவிட்டாள். கூடத்தில் விரிக்கும் கொடியில் மின்விசிறியின் கீழே அவை வரிசையாகத் தொங்கின. மகன் சட்டை சாம்பல். என் சட்டையும் சாம்பல். எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும் கொள்கையின் பேராபத்து அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. எவர் கண்ணுக்கும் அது படவில்லை. இரவெல்லாம் மழை பெய்தது.

காலையில் மகன் விடியுமுன்னே பணிக்குப் போய்விட்டான். குளித்து வந்து கொடியில் இருந்த சாம்பல் நிறச் சட்டையை எடுத்து அணிந்தேன். அடிவயிற்றுக்கு மேல் ஒரு பொத்தானும் துளையை எட்டவில்லை. மருமகள் உடனே தொலைபேசியை எடுத்தாள்.

"என்னங்க, யார் சட்டையப் போட்டுட்டுப் போனீங்க?"

"அது அப்பாவோடதா?" என்ற மகனின் குரல் கூடம் முழுவதும் கேட்டது. "அதான பாத்தேன். வயித்துப் பக்கம் இன்னொரு ஆள் உள்ள நிக்கலாம் போல காத்தோட்டமா இருந்துச்சு. நான் இப்ப லிஃப்ட் மேல நிக்கிறேன், அப்புறம் பேசுறேன்."

என் பச்சைச் சட்டையைத் தொட்டுப் பார்த்தோம். பிழிந்தால் ஒரு குவளை நீர் தேறும். மேலாளர் வரும் நேரம் நெருங்கிவிட்டது.

"பெட்டிய உடைங்க. என் வெள்ளைச் சட்டை இருக்கு" என்றேன்.

"ஐயோ மாமா, வேற வினையே வேண்டாம்!" மருமகளின் கண்கள் கலங்கிவிட்டன. "எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க கஞ்சிச் சட்டையோட உக்காந்தா எல்லாமே போச்சு."

அப்போது இல்லாள் உள்ளறையிலிருந்து ஒரு சட்டையோடு வந்தாள். குளிர்ந்த இடங்களில் மேலே போட்டுக்கொள்வதற்கென்று அவள் வைத்திருந்த முழுக்கைச் சட்டை அது. துவைக்காமல் அலமாரிக் கம்பியில் தொங்கியவற்றுள் எனக்குக் கொள்ளக்கூடிய சட்டை அது ஒன்றே. அதே துணி, அதே சாம்பல்.

"இதப் போடுங்க."

"பொம்பளச் சட்டையையா?"

"சட்டைக்கு ஏதுங்க ஆண்பால் பெண்பால்? அஃறிணைன்னு நீங்கதான ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க?"

வாழ்நாளில் முதன்முறையாக நான் கற்பித்த இலக்கணமே என்னை வீழ்த்தியது. அணிந்தேன். பொத்தான்கள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருந்தன; இடக்கையால் எழுதப் பழகும் குழந்தையைப் போல விரல்கள் தடுமாறின. கடைசிப் பொத்தானை மருமகளே போட்டுவிட்டாள். அழைப்பு மணி அடித்தது.

மேலாளர் சிற்றுடலினர். ஆனால் அவர் தோளில் தொங்கிய பையில் கம்பளிச் சால்வை, குடை, மாற்றுச் செருப்பு, விசிறி ஆகியன அடங்கியிருந்தன. ஒரு நாளைக்குத் தேவையான நான்கு பருவங்களையும் சுமந்து வந்தவர்போல் தோன்றினார். வந்தவுடன் அலமாரியைத் திறந்து உடைகளைக் கம்பியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கொடியருகே சென்று ஈரத்துணியை முகர்ந்தார். "நாத்தம் இல்லையே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எனக்கு எதிரே அமர்ந்து, எங்கே போகிறேன், எத்தனை நாளுக்கொருமுறை சளி பிடிக்கிறது என்றெல்லாம் வினவினார். நானும் நேர்மையாகவே விடையிறுத்தேன். இந்த உடைகளுக்கு மாறிய பின் நூலகத்தில் தும்மியதில்லை என்று நான் கூறியபோது, மருமகள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் வாயிலிருந்து அவள் எதிர்பார்த்திராத நற்சான்று அது.

பேச்சுக்கிடையே பழக்க தோஷத்தால் என் கை பேனாவைத் தேடி நெஞ்சுக்குச் சென்றது. வழக்கம்போல் அங்கு ஒன்றும் இல்லை. வழக்கம்போல் கீழே இறங்கியது. இறங்கிய கை, விலாப்புறத் தையலில் ஒரு வாயைக் கண்டு உள்ளே புகுந்தது.

பை! பையே கிடையாது என்று சட்டம் இயற்றப்பட்ட வீட்டில், என் இல்லாளின் சட்டையில் திருட்டுத்தனமாக ஒரு பை தைக்கப்பட்டிருந்தது. அதனுள் இருமல் மிட்டாய்கள் இருந்தன. அவற்றின் அடியில் வளைந்த தலையும் தேய்ந்த பற்களுமாக ஓர் இரும்புப் பொருள் இருந்தது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அதன் தேய்மானம் என் விரலுக்குத் தெரியும்.

என் பெட்டிச் சாவி.

நிமிர்ந்து இல்லாளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை; என் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நினைவு அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

"ஏங்க, தண்ணி கொண்டு வரவா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

"மேலுக்கு ஏதும் முடியலயா? உள்ள வந்து சட்டைய மாத்திக்கிறீங்களா?"

"சட்டைக்கு ஒரு குறையும் இல்ல. எல்லாம் சௌகரியமா இருக்கு."

அவள் முந்தானையைத் தேடினாள். அவ்வுடையில் முந்தானை இல்லை.

நடைவழியில், எட்டிவிடும் தூரத்தில், என் தகரப் பெட்டி இருந்தது. சாவி என் கையில். எழுந்து சென்று திறக்கலாம். வெள்ளைச் சட்டையை உதறி அணியலாம். அறம் வென்றது என்று அறிவிக்கலாம். உள்ளங்கால் வரைக்கும் அந்த ஆசை ஊறியது. அவ்வேளையில்தான் மேலாளர் என் சட்டையைக் கூர்ந்து நோக்கி வினவினார்.

"இந்தச் சட்டை உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்சதா சார்?"

"ஆமா மேடம். மாமாவுக்குன்னே தச்சது" என்றாள் மருமகள், சற்று விரைவாகவே.

பொய்யான விடையைத் திருத்தாமல் விடுவது எனக்கு இயலாத செயல். திருத்தினாலோ அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் அமர வேண்டியிருக்கும். அவள் விரல்கள் சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. நான் மேலாளரைப் பார்த்தேன். அவர் பார்வை என் பொத்தான்களின் வரிசையில் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. விடையைத் தெரிந்துகொண்ட பின்னரே வினவும் தேர்வாளர்களை நான் அறிவேன். நானும் அவ்வினத்தைச் சேர்ந்தவன்.

"இல்லம்மா," என்றேன். "இது என் வீட்டுக்காரியோடது."

மருமகள் கண்களை மூடிக்கொண்டாள்.

"அப்ப உங்களோடது?"

"என் மகன் போட்டுக்கிட்டுப் போயிட்டான். இப்ப ஏதோ ஒரு லிஃப்ட் மேல காத்தோட்டமா நிக்கிறான். அவனோடது எனக்குப் பூட்டல. என்னோட இன்னொன்னு ஈரம். எல்லாம் ஒரே நிறம், ஒரே துணி. என் மருமக செஞ்ச ஒரே தப்பு, வேலைய அளவுக்கு மீறி நல்லா செஞ்சதுதான்."

மேலாளர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அது பயன்படவில்லை. சால்வையின் நுனியால் கண்களைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"பொத்தான் எடம் வலமா மாறியிருக்கேன்னு வந்ததுல இருந்து பாத்துட்டு இருக்கேன் சார். சொல்லுவாங்களா மாட்டாங்களான்னு எனக்குள்ளயே ஒரு பந்தயம்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். சிரிப்பு சற்றே அடங்கியது. "இனிமே எங்கிட்ட இப்படிச் சொல்லாதீங்கம்மா. உண்மையே நல்லாத்தான இருக்கு? எங்க ஆளுங்க தனியா வர்றதில்ல, குடும்பத்தோட வர்றாங்க. நாங்க குடுக்குற வீட்டுல இருக்குறது ஒரே ஒரு அலமாரி. அவசரத்துக்கு யார் சட்டைய யார் போட்டாலும் தலை நிமிந்து வெளிய போகலாம்னா, எனக்கு வேண்டியது அதான். அடுத்த மாசம் வர்ற குடும்பங்கள உங்ககிட்டயே அனுப்புறேன். ஒண்ணு மட்டும் செய்யுங்க. கழுத்துக்கு உள்பக்கம் ஆளுக்கொரு நிறத்துல நூல் போட்டுடுங்க."

"எனக்குச் சிவப்பு" என்றேன். சிவப்பு மையின் மீது எனக்குள்ள உரிமையை எவரும் மறுக்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டியபடி அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், அந்தச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்கு. வீட்டுக்காரம்மாகிட்ட பேசி வாங்கிக்குங்க."

கதவு சாத்தியவுடன் மருமகள் அங்கேயே தரையில் அமர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே சிறிது அழுதாள்.

"மாமா, 'இல்லம்மா'ன்னு ஆரம்பிச்சீங்க பாருங்க, எனக்கு அங்கயே உயிர் போயிடுச்சு. வங்கி நாற்காலி கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு."

"உண்மையச் சொன்னா உயிர் போகாது. உக்காரப் புது நாற்காலி கிடைக்கும்."

"சரி, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்." கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மேடம் வந்துட்டுப் போயாச்சு. பூட்டுக்காரரக் கூப்பிட்டு உங்க பெட்டியத் திறந்துரலாமா?"

என் கை இன்னும் அந்தப் பைக்குள்ளேயே இருந்தது. இல்லாள் கொடியில் காய்ந்தே போயிருந்த ஒரு துணியை எடுத்து, மடித்து, உதறி, மீண்டும் மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவசரம் ஒண்ணும் இல்ல. சாவி எங்க போயிடப் போகுது? கிடைக்கும்போது கிடைக்கட்டும்" என்றேன்.

மருமகள் என்னை ஐயத்தோடு பார்த்துவிட்டு, மகனுக்குச் செய்தி சொல்லத் தொலைபேசியோடு பால்கனிக்குப் போனாள்.

நான் உள்ளறைக்குச் சென்று, எதிர்ப்பக்கப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை இல்லாளிடம் நீட்டினேன். அதை வாங்கியவுடன், மடிப்பதுபோல் பாவனை செய்து, விலாப்பக்கத்தை விரல்களால் அழுத்திப் பார்த்தாள். இருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏங்க," என்றாள், சட்டையைப் பார்த்துக்கொண்டே. "பையில ஏதாவது இருந்துச்சா?"

"இருமல் மிட்டாய் இருந்துச்சு. ஒண்ணு தின்னுட்டேன்."

"வேற?"

"வேற எதுவும் என் கண்ணுல படல."

அவள் சட்டையை அலமாரிக் கம்பியில், அவளுடைய உடைகளின் பக்கத்தில் அல்லாமல், என்னுடையவற்றின் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனாள். நான் கூறியதில் பிழை ஒன்றும் இல்லை. அது என் கையில்தான் பட்டது. கண்ணில் படவே இல்லை.